கயிற்றுக்கு உள்ளே போன என் சைக்கிள்

அண்டைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். பொம்பிளை பாக்கிறது.

கோயிலிலை பாக்கிறதுதான் வழக்கம். கோயிலெண்டால் ஊருக்கே தெரிஞ்சிடும் எண்டு கலியாணப் புறோக்கர் பள்ளிக்கூடத்திலை நடந்த போர்க் கண்காட்சியைத் தெரிஞ்செடுத்தார். வெடிச்ச செல் குண்டுத் துண்டு, எரிஞ்ச தையல் மிசின், ஓட்டை விழுந்த கதவு. பொம்பிளை பாக்க நல்ல இடம்!

"நீர் சொந்த வாகனத்திலை வருவீர் எண்டு பொம்பிளை வீட்டுக்குச் சொல்லிப்போட்டன்" எண்டார்.

என்ரை வாகனம் சைக்கிள். பொருளாதாரத் தடைக் காலம், புது ரயரைக் கண்ணாலை காண ஏலாது. பின் ரயர் வெடிச்ச இடத்திலை பழைய ரயர்த் துண்டை வைச்சு, பழைய ரியூப்பை வெட்டின கீலத்தாலை சுத்திக் கட்டியிருந்தன். சீற்றுக்குச் சாக்கு. பிறேக் என்ரை செருப்பு.

ஸ்ராண்டும் இல்லை. அதாலை மைதானத்து வேப்பமரத்திலை சாத்திப்போட்டு, தலையைச் சீப்பாலை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குள்ளை போனன்.

பொம்பிளையும் தகப்பனும் நீர்வேலியிலை இருந்து வந்திருந்தினம். தகப்பன் வாழைத்தோட்டக்காரர். பொம்பிளை என்னை ஒருக்கால் பாத்தா. நான் செல் துண்டைப் பாத்தன்.

"வாரும் தம்பி, வெளியிலையும் சாமான் கிடக்காம்" எண்டார் தகப்பன்.

வெளியிலை வந்தால், வேப்பமரத்தைச் சுத்திக் கயிறு! உள்ளுக்கை எரிஞ்ச மோட்டார் சைக்கிள், நெளிஞ்ச கட்டில், பக்கத்திலை என்ரை சைக்கிள்! அதிலை எழுதின மட்டையும் கொழுவியாச்சு: "குண்டுவீச்சில் சேதமடைந்தது."

தகப்பன் உச்சுக் கொட்டினார். "ஆர் பெத்த பிள்ளையோ! உதிலை வந்தவன் தப்பியிருக்க மாட்டான்."

பொம்பிளைக்குக் கண் கலங்கிச்சு. நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எனக்கே அஞ்சலி செலுத்தினன்.

வாயைத் திறந்தால் பொம்பிளை போச்சு. திறக்காட்டி சைக்கிள் போச்சு. எல்லாரும் போனாப் பிறகு எடுப்பம் எண்டு பேசாமல் நிண்டன்.

அந்த நேரம் பாத்து சாமான் ஏத்த ட்ரக்டர் ஒண்டு வந்தது. கண்காட்சி நாளைக்கு நெல்லியடியிலையாம். முதல் தூக்கினதே என்ரை சைக்கிளை!

"ஐயோ, அது என்ரை!" என்னை அறியாமல் கத்திப்போட்டன்.

கண்காட்சிப் பொறுப்பாளர் என்னை மேலும் கீழும் பாத்தார். "விசர்க்கதை கதையாதையும் தம்பி. உது ஓடுற சைக்கிளே?"

"ஓடும் அண்ணை!"

"எங்கை, ஓடிக் காட்டும்."

சனம் விலகி வழி விட்டுது. ஏறினன். பெல்லைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போட்டுது. மைதானத்தை ஒரு சுத்துச் சுத்தி, செருப்பைத் தேய்ச்சு, தகப்பனுக்கு முன்னாலை வந்து நிண்டன். சனம் கை தட்டிச்சு. புறோக்கரைக் காணேல்லை.

வெக்கத்திலை எனக்கு அழுகையே வந்திட்டுது. தகப்பன் குனிஞ்சு பின் ரயரைத் தடவிப் பாத்தார்.

"உதைக் கட்டினது ஆர்?"

"நான்தான் ஐயா. கட்டி ஒரு வருசமாச்சு."

அவர் மகளைத் திரும்பிப் பாத்தார். "உதையே கைவிடாமல் வைச்சிருக்கிறான், பிள்ளை."

பொம்பிளை சிரிச்சா.

அடுத்த தையிலை கலியாணம். சீதனமா ஒரு சோடி புது ரயர் வந்தது. இண்டைக்கும் வீட்டிலை நான் ஏதும் பிழை விட்டால் மனிசி சொல்லுறது ஒண்டுதான்:

"உங்களை அந்தக் கயித்துக்கு உள்ளுக்கையே விட்டிட்டு வந்திருக்கோணும்."