போலந்திலிருந்து ஒரு தகடு

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஞானசுந்தரம், அளவு டேப்பின் ஒரு நுனியை எஞ்சினின் ஆயில் தொட்டியோடு அழுத்திப் பிடித்தவாறு, மறுநுனி எங்கே போயிற்று என்று கேட்டார். அதைப் பிடித்திருக்க வேண்டிய மெக்கானிக் ஜாபெஸ், மழைக்கு ஒதுங்கிக் காப்பிக் கிடங்கின் தாழ்வாரத்தில் நின்றிருந்தான்.

“மழை விடட்டுமுங்க ரைட்டரய்யா. வண்டி எங்கீங்க ஓடிறப் போவுது?”

“ஒரு மில்லிமீட்டர் பிசகுனாலும் தகடு உக்காராது, ஜாபெஸ்.”

“அதுக்கில்லீங்க. நீங்க அளந்து எழுதி, அவன் போலந்துல வெட்டி, கப்பல்ல ஏத்தி… அதுக்குள்ளாற அந்தப் பாறையே தேஞ்சு போயிருமுங்க.”

“பாறை தேயறப்பத் தேயட்டும். நீ டேப்பைப் பிடி.”

ஞானசுந்தரம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கும் கடிதமும் எழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்காட்டு மலையில் கரடியூருக்கு அப்பால், தார்ச்சாலை தன் கடமை முடிந்ததென்று நின்றுவிடும் இடத்திலிருந்து, காப்பிச் செடிகளுக்கிடையே ஒரு மண்பாதை இறங்குகிறது. அதன் கடைசியில் அவர் வீடு. பாதையின் நடுவே ஒரு பாறை முதுகை மட்டும் வெளியே காட்டிப் படுத்திருக்கிறது. ஐப்பசி மாதத்து ஞாயிறொன்றில், பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, அந்த முதுகு காரின் ஆயில் தொட்டியைக் கிழித்தது. மனைவி மரியசெல்வி கொட்டும் மழையில் நடந்தே வீடு சேர்ந்தாள். காலில் அட்டை, முழங்காலில் வலி, கையில் செருப்பு.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் சேலத்துக்கு, மகள் ஸ்டெஃபியின் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். படியிறங்கும்போது அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

“அடி இடிக்காத வண்டி இருந்தா வந்து கூட்டிக்கிட்டுப் போங்க.”

மேலிடத்து உத்தரவுகளை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியே தலை நரைத்தவர் ஞானசுந்தரம். ஒரு வாக்கியத்தில் இருப்பதைச் செய்வார், இல்லாததைத் தேடமாட்டார். மனைவி கேட்டது அடி இடிக்காத வண்டி. அது கைக்கு வருமுன் சேலத்துக்குப் போவது உத்தரவை மீறுவதாகும். ஆகவே அவர் போகவில்லை. காலையில் பழக்கத்தால் இரண்டு தம்ளர் காப்பி போட்டார். முதலாவதைக் குடித்தார். வீணாக்கக் கூடாது என்பதால், ஆறிப்போன இரண்டாவதையும் குடித்தார்.

அந்தக் காரைச் செய்த கம்பெனி இந்தியாவை விட்டுப் போய் நெடுங்காலமாயிற்று. பாறை இடித்தாலும் கிழியாதபடி அதன் அடிவயிற்றுக்கென்றே அளவெடுத்துச் செய்த எஃகுத் தகடு போலந்தில் ஒரு பட்டறையில் கிடைக்கும் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. மருமகன் ஷெர்வின் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

“மாமா, தப்பா நெனைச்சுக்காதீங்க. சேலத்துல இல்லாத இரும்புங்களா? இங்க நம்ம லேத்துப் பட்டறையில சொன்னா ஒரே நாள்ல வெட்டிக் குடுத்துருவாங்க.”

“இங்கே வெட்டறது இரும்பு, தம்பி. அது தகடு.”

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கத் தொடங்கியபோது, ஷெர்வினுக்கு வேறொரு அழைப்பு வந்துவிட்டது.

வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையலறை ஜன்னலருகே மட்டும்தான். காப்பி போடும் அடுப்பைத் தவிர மற்றதெல்லாம் மரியசெல்வியின் பொறுப்பிலேயே இருந்த அந்த அறையில் நின்றுகொண்டு, மாலைதோறும் அவளுக்கு நிலவரம் தெரிவிப்பதை அவர் கடமையாக வைத்துக்கொண்டார். உத்தரவிட்டவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமல்லவா?

“செல்வி, தகடு கப்பல் ஏறிருச்சு.”

“அப்படீங்களா? கப்பலு எந்த வழியாங்க வருது?”

அவர் சொன்னார். பட்டறை இருக்கும் ஊர், எஃகின் கனம், துருப்பிடிக்காதிருக்கப் பூசும் கறுப்புப் பூச்சு, கூடவே வரும் திருகாணிகள் அனைத்தையும் சொன்னார்.

“அப்புறமுங்க?”

அப்புறத்தையும் சொன்னார். போனை வைத்தபோது அவருடைய காது சுட்டது. அந்தக் காதுக்கு அப்படியொரு அனுபவம் அதற்குமுன் ஏற்பட்டதில்லை.

சென்னையில் பார்சல் நின்றுபோயிற்று. இது என்ன பொருள், எதற்காக என்று சுங்கத்தில் கேட்டார்கள். இரண்டு வரியில் அடங்கும் கேள்விதான். ஞானசுந்தரமோ ஏற்காட்டு மலையின் மண்வளம், மழையளவு, பாறையின் வடிவம் ஆகியவற்றை முன்னுரையாகக் கொண்டு, படங்களோடு ஒரு பதில் அனுப்பினார். இவ்வளவு விளக்குகிறவர் எதையோ மறைக்கிறார் என்று அங்கே யாரோ எண்ணியிருக்க வேண்டும். பார்சலைப் பிரித்துச் சோதிப்பதற்காகத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். எங்கே எடுத்து வைத்தோம் என்பதைப் பிறகு மறந்துவிட்டார்கள்.

வேறு வழியின்றி அவர் கோவிலில் மன்றாட்டுக்குக் கொடுத்தார். ஞாயிறு பூசையில் உபதேசியார் கணீரென்று வாசித்தார்: “ஞானசுந்தரம் ஐயாவின் அடித்தகடு பழுதின்றி வந்து பொருந்த வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.” வண்டி என்ற சொல்லை வாசிக்க அவர் மறந்திருந்தார். சபை முழுவதும் உருக்கமாக மறுமொழி சொல்லியது.

பூசை முடிந்ததும் வாழவந்தியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

“இந்த வயசுல அடியில தகடு வெக்கறதுன்னா நொம்ப சிரமமுங்களே! உக்கார முடியுமுங்களா?”

“எனக்கில்லைம்மா, காருக்கு.”

“ஆமாமுங்க, காருல உக்காரறதுதான் இன்னுங் கஷ்டம்” என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அந்த வாரம் முழுவதும் அவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழங்களோடு ஆட்கள் வந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காட்டி அனுப்பினார்.

அன்று மாலை இதைக் கேட்டு மரியசெல்வி சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது. அவள் சிரிப்பு இப்படி இருக்கும் என்பதை அவர் ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் வந்தது, தகடு வரவில்லை. ஆகவே மரியசெல்வியும் வரவில்லை.

“அப்பா, பஸ்ஸு ஓடுதில்ல? ஏறி வாங்கப்பா” என்றாள் ஸ்டெஃபி.

“வண்டி ஆகட்டும், கண்ணு.”

வாசலில் அவர் தனியாக ஒரு காகித நட்சத்திரத்தைக் கட்டினார். பனிமூட்டத்தில் அது கட்டியவருக்கே தெரியவில்லை.

தை பிறந்தபின் தகடு வந்தது. வந்த நாளில் ஜாபெஸும் அவரும் அதைத் தூக்கிப் பார்த்து, உடனே கீழே வைத்தார்கள்.

“ஏனுங்கய்யா, இதென்ன பீரங்கி வண்டிக்குச் செஞ்சதுங்களா?”

“அதுதான் எஃகு.”

தகடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. ஞானசுந்தரத்தின் வாழ்வில் அது ஒரு நிறைவான கணம், பாறைவரை நீடித்தது. தகட்டின் கனத்தால் காரின் முன்பக்கம் தாழ்ந்துவிட்டிருந்தது. முன்பு ஒரே இடத்தில் இடித்த கார், இப்போது பாறைமேல் முழுவதுமாக உட்கார்ந்து, சக்கரங்கள் வெறுமனே சுற்ற, அசையாமல் நின்றது. கார் சேதமடையவில்லை என்பது உண்மை. அது நகரவுமில்லை.

“ஸ்பிரிங்கை மாத்தித் தூக்கிரலாமுங்க” என்றான் ஜாபெஸ்.

முன்பக்கத்தைத் தூக்கினார்கள். மாலையில் அவர் அதைத் தெரிவித்தபோது, மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

“ஏனுங்க, முன்னாடி மட்டும் தூக்குனா லைட்டு வானத்தைப் பாக்காதுங்களா?”

வெளியே வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தார். சில்வர் ஓக் மரங்களின் உச்சி பளிச்சென்று தெரிந்தது; பாதை தெரியவில்லை. பின்பக்கத்தையும் தூக்கினார்கள்.

“அம்புட்டு ஒசரத்துக்கு என் முட்டி மடங்குமுங்களா?” என்றாள் மறுநாள்.

ஏறுவதற்கு வாட்டமாகக் கதவுக்குக் கீழே ஒரு படி வைத்துப் பற்றவைத்தார்கள்.

“அந்தப் படி பாறையில தட்டாதுங்களா?”

தட்டியது. படி மட்டுமன்றி, அதற்கு மேலிருந்த கதவின் விளிம்பும் நெளிந்தது. கதவை அடித்து நிமிர்த்த மூன்று நாள் ஆயிற்று. நிமிர்த்தியபின் கதவு மூடியது, ஆனால் திறக்கவில்லை.

“அம்மா அங்கிருந்தே எப்படீங்க இத்தனையுஞ் சொல்றாங்க?” என்று ஜாபெஸ் வியந்தான். “எம் பட்டறைக்கு அனுப்புங்க, ரெண்டு ஆளு வேலை பாப்பாங்க.”

ஞானசுந்தரத்துக்கும் வியப்புத்தான். கார் பஞ்சராகி நின்றபோதுகூட ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தவள் அவள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கூடவே வாழ்ந்தும் மனைவியின் இயந்திர ஞானத்தை அறியாமலிருந்ததற்காக அவர் சற்றே வருந்தினார். அதையும் அன்று மாலை அறிக்கையில் சேர்த்துச் சொன்னார்.

“நெசமாலுமா சொல்றீங்க?” என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. மழையால் லைன் சரியில்லை என்று அவர் எண்ணினார்.

படியை அறுத்தெறிந்தார்கள். கதவை மறுபடி திறக்க வைத்தார்கள். ஏறுவதற்குச் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கி டிக்கியில் போட்டார்கள். தவக்காலத்து வெள்ளியொன்றில் கார் மண்பாதையில் இறங்கி, பாறையைத் தாண்டி, சிறு முனகலுமின்றி வாசலில் வந்து நின்றது. ஜாபெஸ் கைதட்டினான். வாசலில் கைதட்ட வேறு யாரும் இல்லை.

“போய்க் கூட்டியாங்க, ரைட்டரய்யா. நேரங் கடத்திறாதீங்க.”

அன்று மாலை அவர் போன் செய்யவில்லை. முடிந்த வேலைக்கு அறிக்கை எதற்கு? மறுநாள் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாக இறங்கி, சேலம் கோரிமேட்டில் மகள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். இறங்கி ஸ்டூலை எடுத்து, கதவருகே நேராக வைத்தார். ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார், ஆடவில்லை.

மரியசெல்வி வாசலுக்கு வந்தாள். காரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“எல்லாம் முடிஞ்சிருச்சுங்களா?”

“முடிஞ்சிருச்சு.”

அவள் இன்னும் சற்று நேரம் நின்றாள். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதால் வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் படிந்திருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினார்.

“பையெடுத்துக்கிட்டு வாரேனுங்க” என்று சொல்லி அவள் உள்ளே போனாள். ஐந்து மாதம் ஆசையோடு காத்திருந்த ஒருத்தியின் நடையாக அது இல்லை. முழங்கால் வலி இன்னும் குறையவில்லை போலும் என்று நினைத்து, ஸ்டூலை அவர் இன்னுங்கொஞ்சம் அருகே நகர்த்தி வைத்தார்.

எதிர் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் குப்பாயி, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். குனிந்து காரின் அடியை எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் துக்கம் விசாரிக்க வந்தவளின் முகமாக இருந்தது.

“அட சாமி, தகடு வந்து மாட்டியே போட்டீங்களாய்யா? அது வந்தே சேரப்புடாதுன்னு அம்மா செவ்வாக்கெழமை தவறாம அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏத்துனாங்களே… கண்ணாலங் கட்டி முப்பத்திரண்டு வருசத்துல நீங்க அவங்ககிட்ட வாயத் தொறந்து பேசுனதே அது வராததுனாலதானாமுங்களே!”