கருத்தக்கண்ணன் சத்தமாக நினைத்தார்

"மனசுல என்ன தோணுதோ, அத அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போனை அமுக்குங்கய்யா" என்றாள் அந்தப் பெண்.

கருத்தக்கண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டார். மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்கிற ஆளாக இருந்திருந்தால், மூக்கம்மாளோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்க முடியுமா?

பெண்ணின் பெயர் பாஜிலா. விவசாயிகளுக்கென்று புதிதாக ஒரு செல்போன் செய்கிறார்களாம். விற்பனைக்கு விடுமுன் சாதாரண ஜனங்கள் கையில் கொடுத்துப் பார்க்க வந்திருக்கிறாளாம். காலையிலேயே கோம்பைக்கு வந்து இறங்கி, அவர் வீட்டு முன்னறையில் மூன்றுகால் ஸ்டாண்டை நட்டு, வீடியோ கேமராவை அவர் மூக்குக்கு நேராகத் திருப்பிவிட்டாள். மடியில் ஒரு நோட்டு வேறு.

"ஊருக்குள்ள இத்தன வீடு கெடக்கு. எங்க வீட்டுக்கு எதுக்கு வந்தீக?"

"உங்க வீட்டத்தான் சொன்னாகய்யா."

"யாரு சொன்னாக?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்கய்யா."

"சொந்த ஊரு?"

"உத்தமபாளையம். வேலை மெட்ராஸ்ல."

கருத்தக்கண்ணனுக்குப் பொறி தட்டியது. உத்தமபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் சின்னமனூர். சின்னமனூரில்தான் மகள் மகாலட்சுமிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீடு. பையன் மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். என்ன வேலை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. தலைமுடி இருக்கிறதா, தண்ணி போடுவானா என்று இரண்டு கேள்விதான் கேட்டார். இரண்டுக்கும் திருப்தியான பதில் வந்தது. அந்த இடம் தட்டிப்போனால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. பாதி ஊருக்கு அவரே சொல்லி வைத்திருந்தார்.

அடுத்த வாரம் பூ வைக்க வருவதாக இருந்தார்கள். அதற்கு முன் யாரையாவது அனுப்பி நைசாக விசாரிக்காமல் இருப்பார்களா? கருத்தக்கண்ணனே விசாரித்தவர்தானே! தங்கையைக் கட்டிக்கொடுப்பதற்கு முன்னால் மாட்டு யாவாரியாகப் பொட்டிப்புரம் போய், மாப்பிள்ளை வீட்டு எருமையின் பல்லைப் பிடித்துப் பார்த்தபடியே மாமியார்க்காரி சண்டைக்காரியா என்று கேட்டுவந்த கெட்டிக்காரர். அவரிடமா இந்த வேலை?

'நானும் விசாரிக்க வேணாமாப்பா?' என்று மகாலட்சுமிகூட ஒருநாள் கேட்டாள். 'பொம்பளப்பிள்ள போயி விசாரிக்கவா? ஊரு சிரிக்கும்' என்று அவர் பெரிதாகச் சிரித்து முடித்துவிட்டார்.

"ஆரம்பிங்கய்யா" என்றாள் பாஜிலா. "இன்னிக்கி தேனி மார்க்கெட்ல திராட்சை என்ன விலைன்னு கண்டுபிடிங்க. பயப்படாதீக, இது உங்களுக்குப் பரீச்சை இல்ல. போனுக்குத்தான் பரீச்சை."

இதை நம்ப அவர் என்ன பச்சைப்பிள்ளையா? தொண்டையைச் செருமிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சத்தமாக நினைக்க ஆரம்பித்தார்.

"இந்தா... பச்சைப் பட்டனைப் பாக்குறேன். எங்க வம்சத்துல யாருக்கும் குடி, பீடி கெடையாது. அமுக்குறேன். எம்மக வைக்கிற கருவாட்டுக் கொழம்பு தெரு முக்கு வரைக்கும் மணக்கும். இப்ப பக்கத்துப் பட்டனை அமுக்குறேன். அவ யாரையும் எதுத்துப் பேச மாட்டா."

பாஜிலா குனிந்து மளமளவென்று எழுதினாள். எழுதட்டும், நன்றாக எழுதட்டும்!

போன் திரையில் 'வெளியேற வேண்டுமா?' என்று வந்தது.

கருத்தக்கண்ணனுக்குச் சுருக்கென்றது. "நான் எதுக்கு வெளியேறணும்? இது எங்கப்பா கட்டுன வீடு!"

அதையும் அவள் எழுதிக்கொண்டாள். கோபக்காரர் என்றுதானே எழுதியிருப்பாள்! வேர்த்துவிட்டது. மூக்கம்மாளைக் கண்ணைக் காட்டிக் கூப்பிட்டு, காதைக் கடித்தார்.

"விசாரிக்க வந்திருக்காக. நம்ம வீட்டுல பிரிட்ஜ் இல்லேன்னு எழுதிட்டா என்னடி பண்றது? அழகுமலை வீட்டுதப் பின்வாசல் வழியா கொண்டாரச் சொல்லு."

"பேசாம இருங்க. அந்தப் பிள்ள போனைப் பத்தித்தான் கேக்குது."

"நீ போடி!"

பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டு அழகுமலையும் அவர் மச்சினனும் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார்கள். வைத்த கையோடு அழகுமலை கதவைத் திறந்தார்.

"மாவுச் சட்டிய மட்டும் எடுத்துக்கிறேண்ணே. ராத்திரிக்குத் தோசைக்கு வேணும்னு எம்பொண்டாட்டி சொல்லிவிட்டா."

பாஜிலா நிமிர்ந்து பிரிட்ஜையும் பார்த்தாள், சட்டியையும் பார்த்தாள். கருத்தக்கண்ணன் அவசர அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"எம்மக எம்.சி.ஏ. படிச்சவ ஆத்தா. மதுரையில ஆஸ்டல்ல தங்கிப் படிச்சா. கம்ப்யூட்டர்ல புலி!"

"அப்படியா? அப்ப அவகளும் ஒருதரம் போனைப் பாக்கட்டுமே."

சொல்லியிருக்கவே கூடாது. செல்போனும் கையுமாக இருக்கிற பெண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று, 'செல்லுன்னா என்னன்னே தெரியாத மாதிரி இரு' என்று காலையில்தான் மகளை மிரட்டி வைத்திருந்தார்.

மகாலட்சுமி வந்தாள். போனைத் தலைகீழாகப் பிடித்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். "இது எதுக்குப்பா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டு, டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். பாஜிலாவின் முகத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த அடக்கம் ஒன்றுதான் கருத்தக்கண்ணனுக்கு ஆறுதல். ஆனால் எம்.சி.ஏ. படித்த புலி போனைத் தலைகீழாகப் பிடித்ததும் நோட்டில் ஏறியது.

திரும்பவும் அவர் பட்டனை அமுக்கினார். ஒருமுறை கேரளாவில் ஏலக்காய் விலை வந்தது. ஒருமுறை மழை வருமா என்று வந்தது. திராட்சைக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் வெளியேற வேண்டுமா, வெளியேற வேண்டுமா என்று கேட்டு, அவரை முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தது. உள்ளுக்குள் போனைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. வாய் மட்டும், "ஆகா, என்ன ஒரு அருமையான போனு! பொறுமைதான எங்க குடும்பச் சொத்து!" என்றது.

அவள் தண்ணீர் குடித்த நேரம் பார்த்து நோட்டை எட்டிப் பார்த்தார். 'தவறு: 17' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மகள் வாழ்க்கை இந்த நோட்டால் பாழாகப் போகிறதே என்று கண்ணே கலங்கிவிட்டது.

"ஆத்தா, மறைக்காம சொல்லிருங்க. சின்னமனூருக்காரகதான உங்கள அனுப்புனாக? நான் தப்புப் பண்ணியிருந்தா எம்மகள ஒண்ணும் நெனைக்க வேணாம்னு சொல்லுங்க. பிரிட்ஜ் எங்களுது இல்ல. அவ நல்லாவே போன் பேசுவா. கருவாட்டுக் கொழம்புகூட மூக்கம்மா வச்சதுதான்."

பாஜிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"அல்லா மேல ஆணையா என்னைய மாப்பிள்ள வீட்டுக்காரக யாரும் அனுப்பலய்யா. அந்தப் பதினேழும் போனோட தப்பு. நீங்க தடுமாறுனீகன்னா போனைச் செஞ்சது சரியில்லன்னு அர்த்தம்."

"அப்ப நான் பெயில் இல்லையா?"

"போன்தான் பெயில்."

கருத்தக்கண்ணன் எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டினார்.

"இப்ப மனசுல உள்ளதச் சொல்லவா?"

"அதுக்குத்தானய்யா வந்தேன்!"

"எழுதுங்க. இதச் செஞ்சவன் ஒருநாளாச்சும் தோட்டத்துல, ஈரக்கையோட ஒரு பட்டனை அமுக்கியிருப்பானா? வெயில்ல நின்னு இந்த எழுத்தப் படிச்சிருப்பானா? ஒரு விலை கேக்கப் போனவன ஒம்பது வாட்டி வெளிய போறியான்னு கேக்குறானே, இவன் வீட்டுக்கு விருந்தாளி வந்தா எப்படிக் கேப்பான்? அடுத்த மனுசன் படுற பாடு தெரியாத பய! இவனுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?"

பேசியதெல்லாம் தன்னுடையதுதான் என்று அவள் நீட்டிய தாளில் சந்தோஷமாகக் கையெழுத்தும் போட்டார். பாஜிலா கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு, வாசல்வரை சிரித்துக்கொண்டே போனாள். தெருவில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கருத்தக்கண்ணன் நாற்காலியில் சாய்ந்து, "வீணா சந்தேகப்பட்டுட்டேன், மூக்கம்மா" என்றார். விசாரணையும் இல்லை, ஒன்றும் இல்லை. அழகுமலையின் பிரிட்ஜைத் திருப்பிக் கொடுத்தால் சரி.

காலி டம்ளரை எடுக்க வந்த மகாலட்சுமி அவர் பக்கத்தில் நின்றாள்.

"பாஜிலா எங்கூட ஆஸ்டல்ல இருந்தவப்பா, நாந்தான் வரச் சொன்னேன், அந்தப் போனைச் செஞ்சதே சின்னமனூரு மாப்பிள்ளதான், இப்ப நீங்களே சொல்லுங்க, பொண்ணு குடுக்கலாமா?"