ஏரோதின் முதுகு

அன்பு மகள் ஈவ்லினுக்கு நைனா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் சித்தூரில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் தவிர. திருப்பதியில் நீயும் மருமகன் கிரண்குமாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொல்லலாமே என்பாய். உன் மாமனார் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்கிறார், அதனால் கடிதம்.

கிறிஸ்மஸ் நாடகம் முடிந்ததும், "நைனா, மாமா உன்னை அப்ஸ்டேஜ் பண்ணிட்டாரு" என்று சிரித்தாயே, அது என்ன வார்த்தை என்று அன்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. நான் ஏரோது ராஜா, உன் மாமனார் ஞானசிங் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரி வேஷம். ஒத்திகையில் என் பக்கத்தில் நின்ற மனுஷர், அன்று பின்திரையோடு ஒட்டிக்கொண்டார். கேள்வி கேட்க நான் திரும்ப, சபைக்கு என் முதுகுதான் தெரிந்தது. அவரோ பதிலை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஆஹா, இன்னா நிதானம்!" என்று கைதட்டுகிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் நிஜமாகவே ஏரோதாகிவிட்டேன்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற தபிதா டீச்சரிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க நாடக மேடை சாய்வா இருக்கும்ணே. பின்பக்கம் மேடு, முன்பக்கம் பள்ளம். பின்னாடி போறதைத்தான் மேல போறதும்பாங்க. அங்க ஒருத்தர் நின்னுக்கினா, முன்னாடி இருக்கறவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டித்தான் பேசணும். அதிலேருந்து யாரை மிஞ்சினாலும் அந்த வார்த்தைதான்" என்றார். அடேயப்பா, கூட நிற்கிறவனை அமுக்குவதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறான் பாரேன் இங்கிலீஷ்காரன்! நம்ம சர்ச் மேடை சமதளமாச்சே, இங்கே எப்படிப் பலிக்கும் என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். அம்மா டிவி பார்த்துக்கினு இருந்தாள். பின்னால் சுவரோரம் நின்று ஏரோது வசனத்தை எடுத்துவிட்டேன். திரும்பிவிட்டாள்! "இன்னா வேணும், காபியா?" என்றாள். பலிக்கிறது.

ஈஸ்டர் நாடகத்தில் நான் பிலாத்து. உன் மாமனார் மறுபடியும் வருகிறாராம். இந்தச் சபையில் நான் சம்பாதித்தது நடிகன் என்கிற ஒரு பேர்தாம்மா, அதையும் விட்டுக்கொடுக்க முடியாது. அவர் மேடையேறினால் நான் ஏறமாட்டேன். நீயே பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடு.

கர்த்தர் உங்கள் வீட்டுக்குச் சமாதானம் அருளுவாராக.

நைனா சாம்ராஜ்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில், பலமனேர் போகிற வழியில் சம்பந்தியே நம்ம வாசலில் வந்து நின்றார். "எனக்குக் காது சரியா கேக்கறதில்ல சம்பந்தி. என் வீட்டுக்காரம்மா திரைக்குப் பின்னாடி நின்னு வசனம் சொல்லிக் குடுத்தா, அதான் அங்கயே ஒட்டிக்கினேன். ஈஸ்டருக்கு நான் வரல. காது விஷயத்தைப் பசங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்று கண் கலங்கினார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் இந்தக் கடிதத்தை நீ படிக்கவே இல்லை. அவரை நிறுத்தவும் வேண்டாம், நானே பேசி வரவழைக்கிறேன். அவர் வருவார், திரையோரமே நிற்பார், நான் திரும்பித்தான் பேசுவேன். பிலாத்துவின் அங்கிக்கு முதுகுப் பக்கமும் ஜரிகை வைக்கச் சொல்லிவிட்டேன்.