பாதி முகத்துக்குக் கரண்ட்

காலையில் எழுந்ததும் தங்கதுரை இடது கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தான். சொட்டு மருந்து விட்டான். வாய் கொப்பளித்தான், தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிச் சட்டையில் விழுந்தது. வேறு சட்டை மாற்றினான். இட்லியை வலது கடைவாயில் மென்று, இடது கன்னத்தில் ஒதுங்கியதை விரலால் தள்ளி விழுங்கினான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சங்கராபுரம் கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலைக்குப் போனான்.

மனைவி ஆண்டாள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். கருமாதி முடிந்த மறுநாள் அவனுக்கு முகவாதம் வந்து இடது பக்க முகம் விழுந்துவிட்டது. கண் மூடவில்லை. மூடாத கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில், ஆபீசில், டீக்கடையில், எங்கேயும்.

மாமியார் தைலம்மாள் ஊரெல்லாம் சொன்னாள்.

"இன்னா பாசம் பாரு! மாசக்கணக்காச்சி, இன்னும் அழுதுக்கினே கீறாரு. இப்டி ஒரு மாப்ளய வெளிய வுடலாமா? சின்னவ அமிர்தத்தயே குடுத்துட வேண்டிதுதான்."

அக்கா செத்தால் தங்கையைக் கட்டிவைப்பது அந்த வீட்டில் புதிதல்ல.

"அது அழுகை இல்லீங்க அத்த. கண்ணு மூட மாட்டேங்குது."

"எங்க வூட்டுக்காரரு போனப்ப நான்கூட கண்ணுல தூசின்னுதான் சொல்லிக்கினு இருந்தேன் மாப்ள."

தங்கதுரைக்கு மறுகல்யாணத்தில் இஷ்டமில்லை. ஆண்டாளோடு வாழ்ந்த வரைக்கும் ஒரு சண்டை கிடையாது. ஒரு சத்தம் கிடையாது. சொல்லப்போனால் பேச்சே அதிகம் கிடையாது. அப்படி ஒரு குடித்தனம் இன்னொரு தரம் அமையாது என்று நம்பினான்.

முதலில் இந்தக் கண்ணீரை நிறுத்த வேண்டும். கள்ளக்குறிச்சியில், ஆண்டாள் இறந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனான். பிசியோதெரபிக்காரர் நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் மாற்றி மாற்றி கரண்ட் வைத்தார். செத்த கன்னம் தவளைத் தொடைபோலத் துள்ளியது.

சில வாரங்களில் கண் மூடியது. கண்ணீர் நின்றது.

"மாப்ளைக்கு மனசு ஆறிட்ச்சி" என்றாள் தைலம்மாள். "இனிமே தள்ளிப் போடக்கூடாது."

குணம் சீக்கிரம் தெரியட்டும் என்று கரண்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னான் தங்கதுரை. "ஜாஸ்தி வெச்சா நரம்பு குழம்பிடும் சார்" என்றார் அவர். இவன் கேட்கவில்லை. நரம்பு குழம்பியது. வாயைத் திறந்தால் இடது கண் தானாக மூடிக்கொண்டது.

அந்தக் கண்ணோடுதான் மாமியார் வீட்டுக்குப் போய் நேரில் மறுத்தான். அமிர்தம் கதவோரம் நின்றிருந்தாள்.

"எனக்கு" என்றான். கண் சிமிட்டியது. "இதுல" என்றான். சிமிட்டியது. "இஷ்டமில்ல." இரண்டு தரம் சிமிட்டியது.

அமிர்தம் உள்ளே ஓடிவிட்டாள்.

தைலம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாய் வேணாங்குது, கண்ணு வேணுங்குது! போங்க மாப்ள, அடுத்த முகூர்த்தத்துல வெச்சிக்கலாம்."

அவன் மறுபடி வாயைத் திறந்தான். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஆண்டாளு கடைசியா சொன்னதே இதான். நீங்க டீ வாங்கப் போயிட்டீங்க. என் கையப் புடிச்சிக்கினு, 'தங்கச்சிய அவருக்கே குடும்மா'ன்னா. அப்புறம் பேச்சில்ல."

தங்கதுரை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தான். தங்கையையே ஒப்படைக்கிறாள் என்றால் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்! நெஞ்சுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. செய்துவிட வேண்டியதுதான்.

அடுத்த தடவை பிசியோதெரபிக்காரர் சொன்னபடி கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோனான். முன்பு அவன் எப்படிச் சிரித்தான் என்று தெரிந்தால் அந்த அளவுக்குக் கொண்டுவரலாமாம்.

அவர் இவன் முகத்தில் கரண்ட் ஒயரை ஒட்டிவிட்டு ஆல்பத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஒன்னுல கூட சிரிக்கலியே சார்?"

"அப்படித்தான். பழக்கமில்ல."

முதல் பக்கங்களில் ஆண்டாள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கங்களில் அவளும் சிரிக்கவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி வேலைக்காரி இருசம்மாள் நிமிர்ந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐய, இது காமாலைல வந்து பொம்பள வார்டுல கெடந்த பொண்ணாச்சே! இது உங்களுக்கு இன்னா வேணும்?"

"என் சம்சாரம்" என்றான் தங்கதுரை. "கடைசியா, தன் தங்கச்சிய எனக்கே குடுக்கச் சொல்லிட்டுப் போயிட்டா. அத எப்படித் தட்டறது? வர முகூர்த்தத்துல கல்யாணம்."

கரண்ட் ஏறியது. இடது கன்னம் மெல்ல மேலே போனது.

"சூப்பர் சார், சிரிப்பு வருது! அப்டியே இருங்க" என்றார் பிசியோதெரபிக்காரர்.

இருசம்மாள் துணியைப் பக்கெட்டில் போட்டாள்.

"யாருங்க அப்டி சொன்னது? அன்னிக்கு அதுக்குத் தண்ணி குடுத்துக்கினு நாந்தான கூட இருந்தேன். அவுங்கம்மா கையப் புடிச்சிக்கினு ஒன்னே ஒன்னுதான் சொல்லிச்சி: 'எம்மா, தங்கச்சியயாச்சும் நல்ல எடத்துல குடு.'"