மாடியில் கல்யாணம், கீழே டிவி

கம்பியில்லாக் கனவான் என்றொரு இனம் இருக்கிறது. நான் சுற்றிவந்த ஊர்களில் பாதிக்குக் கடல் கிடையாது, சிலவற்றில் அரிசிகூடக் கிடையாது; இவர் இல்லாத ஊரை மட்டும் பார்த்ததில்லை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீருக்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டு கேட்பவர் அவர்தான். நீங்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் டிவியைப் பரிதாபமாக நோக்கி, "இதுல இன்னும் என்னென்னல்லாம் பண்ணலாம் தெரியுமா?" என்பார். பண்ணுவார். அதன்பிறகு அந்த டிவியில் செய்தி பார்க்க வேண்டுமென்றால் அவருக்குப் போன் செய்தாக வேண்டும்.

கூடத்தில் ஓடுவதைச் சமையலறைக்கு அனுப்புவார், வாசல் கேட்டைப் படுக்கையறைக்கு அனுப்புவார், மொட்டைமாடித் தொட்டி நிரம்புவதை நேரலையாகக் கூடத்துக்கு அனுப்புவார், தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் போடும் சத்தம் அந்தப் படத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டாலும் மனம் தளரமாட்டார். எது ஓடுகிறது என்பதா முக்கியம்? ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வேண்டும். எழுந்துபோய்ப் பார்த்தால் ஆகாதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாவம், கண் கலங்கிவிடுவார்.

அவருக்கென்று ஒரு மந்திரமும் உண்டு: "நெட்டே தேவையில்ல. எல்லாம் ஒரே வைஃபைல இருந்தாப் போதும்." படம் வராதபோது சொல்ல இன்னொன்று: "இதோ, வந்துரும்."

கடலூர் செம்மண்டலத்து அருள்முருகன் இந்த இனத்தின் முழு வளர்ச்சி அடைந்த எடுத்துக்காட்டு. சென்ற மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம்; நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை அருள்முருகனுடைய அண்ணி மலர்க்கொடியின் ஒரே தம்பி. மணமேடை மாடியில், சாப்பாட்டுக் கூடம் கீழே, லிஃப்ட் கிடையாது. மலர்க்கொடிக்கோ பத்து நாளுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது காலில் முட்டிவரை மாவுக்கட்டு. தாலியின் மூன்றாம் முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டியது. தம்பி பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள் காத்திருந்த முடிச்சு.

"நாலு பேரு சேந்தா நாற்காலியோட தூக்கிடலாம். என்னா பெரிய வெயிட்டு?" என்றார் மலர்க்கொடியின் தாய்மாமன் சிங்காரம்.

குறுக்கே வந்து விழுந்தார் நம் கனவான். "அண்ணிய ஏன் மாமா தூக்கணும்? கல்யாணத்தையே கீழ கொண்டாறேன். மேல என் போனு, கீழ லேப்டாப்பு, பக்கத்துல டிவி. அண்ணி கண்ணு முன்னாடியே கட்டுவாங்க."

மலர்க்கொடி நெடுநேரம் யோசித்தாள். கடைசியில் முடிச்சைப் பெரியப்பா மகள் ஸ்ரீமதிக்கு விட்டுக்கொடுத்தாள். "கட்டறத மட்டும் நான் பாத்துடணும் அருளு. அது போதும்."

"கவலையே படாதீங்க அண்ணி."

இவர்கள் கவலைப்படாதே என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதேதான் தோன்றியது.

கல்யாணத்தன்று காலை ஏழு மணியிலிருந்து அவருக்கு வேலை. வந்தவர்களையெல்லாம் வாசலில் நிறுத்தி, சந்தனத்துக்கு முன்னால், "அங்கிள், போன்ல வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க, லைன் ஜாஸ்தியாவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிவியில் மீடியா பிளேயரின் சின்னமான, சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு மட்டும் முக்கால் மணி நேரம் நின்றது.

"என்னாப்பா, ரோடு போடறாங்களா? பொண்ணு மாப்பிள எங்க?" என்றார் சிங்காரம்.

"இதோ, வந்துரும்."

வந்தது. விட்டு விட்டு வந்தது. ஐயர் கையைத் தூக்கினால் தூக்கியபடியே நின்றார். உடனே கனவான் லேப்டாப்பில் ஏதோ தட்டி வெற்றியோடு நிமிர்ந்தார். "இப்ப நிக்காது. நாப்பது செகண்டு சேத்து வெச்சுக்கிட்டு அப்பறந்தான் காட்டும்." அதாவது மாடியில் நடப்பது கீழே நாற்பது நொடி கழித்து நடக்கும். அதனால் என்ன? படம் வழுக்கிக்கொண்டு ஓடியதே! எல்லோரும் கை தட்டினார்கள். மலர்க்கொடி அட்சதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டிவிக்கு நேராக நாற்காலியைத் திருப்பச் சொன்னாள்.

தாலித் தட்டு படத்தில் சபையைச் சுற்றிவரத் தொடங்கியது. அப்போதுதான் சிங்காரம் வாயைத் திறந்தார். "எல்லாஞ் சரி அருளு, மாப்பிளைக்குத் தலையக் காணோமே?"

உண்மைதான். போன் சற்றுச் சரிந்திருந்தது. மாலை தெரிந்தது, மார்பு தெரிந்தது, அதற்கு மேல் ஃபிரேம் முடிந்துவிட்டது. கனவான் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினார்.

சற்று நேரத்தில் கெட்டிமேளம் கூரையைப் பிளந்தது. டிவியில் தலையில்லாத மாப்பிள்ளை இன்னும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். பாதிப் பேர் கூரையை நம்பி அட்சதை போட்டார்கள், பாதிப் பேர் டிவியை நம்பிக் கையை மூடிக்கொண்டார்கள்.

"கட்டியாச்சா, கட்டலியா?" என்றார் சிங்காரம்.

மூச்சிரைக்க உள்ளே பாய்ந்தார் அருள்முருகன். "போடாதீங்க, போடாதீங்க! இங்க இன்னும் கட்டல! தலையக் கொண்டாந்துட்டேன். இப்ப பாருங்க அண்ணி!"

எல்லோரும் பார்த்தார்கள். மலர்க்கொடி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. படத்தில் மாப்பிள்ளையின் கை தாலியை நோக்கி நீண்டது. சரியாக அந்த நொடியில் திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு காது நுழைந்தது. பிறகு ஒரு கன்னம். பிறகு ஐம்பத்தைந்து அங்குலத் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, மிகத் தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல், அருள்முருகனின் முகம். அதன் பின்னால் மேளம் உச்சத்துக்குப் போயிற்று. "இப்ப தெரியுதா? அண்ணி, தெரியுதா?" என்றது முகம்.

தான் செய்த காரியத்தை ஓடிவந்து, இடம் பிடித்து, நேரலையில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

முகம் விலகியபோது மாப்பிள்ளைக்குத் தலை இருந்தது. பெண்ணின் கழுத்தில் தாலியும் இருந்தது. மூன்று முடிச்சும் முடிந்து ஸ்ரீமதி கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மலர்க்கொடிதான் முதலில் பேசினாள். "நல்லாத் தெரிஞ்சிது அருளு. ஒன் மூக்குல எத்தினி முடின்னு எண்ணிட்டேன்." சிரிக்க வாயெடுத்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். "மாமா, தூக்குங்க."

சிங்காரமும் மூன்று பேரும் நாற்காலியைத் தூக்கினார்கள். "அண்ணி, ஒரே நிமிஷம், இன்னொரு போன் இருக்குது" என்று பின்னாலேயே வந்த குரலை யாரும் கேட்கவில்லை. படியில் இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டு, ஒருவர் வேட்டியை இன்னொருவர் மிதித்து, நாற்காலி மேடைக்குப் போய்ச் சேர்ந்தது; பின்னாலேயே நாங்களும். அக்கினியைச் சுற்றிவந்த தம்பி வலத்தை நிறுத்திவிட்டு அக்காவின் முன்னால் மண்டியிட்டான். அவள் கையிலிருந்த அட்சதை முழுவதும் அவன் தலையில் விழுந்தது. இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மேளத்தில் கேட்கவில்லை.

நான் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். கூடம் காலி. டிவி முன்னால் தன்னந்தனியாக அருள்முருகன். திரையில் மலர்க்கொடியின் நாற்காலி அப்போதுதான் மேடையேறிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் பெருமையோடு. "அண்ணி எவ்ளோ கிளியரா தெரியறாங்க!"

போகட்டும், வாசகரே, ஒன்று கேட்க வேண்டும். நாற்பது நொடி என்று படித்த இடத்தில், பாவம் மலர்க்கொடி என்று நினைத்தீர்களா? அல்லது, 'நாற்பதா? அஞ்சு வெச்சிருந்தாப் போதுமே, நானா இருந்தா ஒரு கேபிளும் இழுத்திருப்பேனே' என்று நினைத்தீர்களா? பதில் எனக்கு வேண்டாம். உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது பத்திரிகை மட்டும் அனுப்புங்கள். நேரில் வந்துவிடுகிறேன்.