தாத்தா போய் சார் வந்தது

நெஞ்சு வலி என்று ஆம்புலன்ஸில் ஏறும்போதுகூட கோவிந்தராசு அவ்வளவாகப் பயப்படவில்லை. மதியம் வாழைக்காய் வறுவலை ஒரு பிடி பிடித்த வினையாக இருக்கும் என்று அவருக்கே சந்தேகம். வண்டியில் இருந்த பெண் மரியாதை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பயம் பிடித்தது.

"தாத்தா, காலை நீட்டுங்க" என்று அதட்டியவள்தான் அந்த மருத்துவ உதவியாளர் மோகனப்பிரியா. ஈசிஜி எடுத்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. முன்பக்கம் எட்டி, ஓட்டுநர் ஜெக்கரியாவிடம் ஏதோ கிசுகிசுத்தாள்.

"சார், பெல்ட் ரொம்ப இறுக்கமா இருக்கா சார்?" என்று திரும்பி வந்து கேட்டாள்.

கோவிந்தராசு அவளையே உற்றுப் பார்த்தார். போன அறுவடையில் பக்கத்து வீட்டுக் கலந்தரை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ், வழியில் டீக்கு நின்றுவிட்டுப் போனது. தனக்கு மட்டும் சார் என்றால், ஆள் தேறமாட்டான் என்றுதானே அர்த்தம்?

"ஏங்க, ஆம்புலன்ஸையெல்லாம் கண்காணிக்க அரசாங்கம் புதுசா குழு போட்டிருக்காம். அதான் ஒழுங்கா இருக்காங்க" என்றாள் கூட வந்திருந்த மனைவி செவ்வந்தி.

குழு போட்டு உருப்பட்ட எதையும் அவர் தன் ஆயுளில் பார்த்ததில்லை. ஆக்சிஜன் நிறைய இருக்கிறதா, வண்டி டீக்கு நிற்குமா, ஆஸ்பத்திரியில் டாக்டர் இருப்பாரா என்று துருவித் துருவிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் மோகனப்பிரியா பணிவாகப் பதில் சொல்லி, ஆக்சிஜன் உருளையைத் தட்டிக் காட்டினாள், மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு பதிலிலும் இரண்டு சார் சேர்த்தாள். அதைக் கேட்டு அவருக்கு வியர்த்தது. வியர்வையைப் பார்த்து அவள் ஆக்சிஜனே வைத்துவிட்டாள்.

திருத்துறைப்பூண்டி சாலையில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக ஹாரனை அலறவிடுவார்கள். ஜெக்கரியா இறங்கிக் கும்பிட்டு வழி கேட்டார். நெல்லை ஒதுக்கிவிட்ட, அவரைத் தெரிந்த ஊர்க்காரி அம்சம், கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நல்ல மனுசனா இருந்தாரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கோவிந்தராசு ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"செவ்வந்தி, வார்டு மெம்பருக்கு நின்னு ஒரு ஓட்டுல தோத்தியே... அது என் ஓட்டுதான். எதிராளிக்குப் போட்டுட்டேன். நீ ஜெயிச்சிட்டா எனக்கு யாரு சோறு போடுவான்னு பயந்துட்டேன்."

செவ்வந்தி அவர் கையை விட்டாள். அந்த ஒரு ஓட்டுக்காக ஊரில் ஒரு வீடு விடாமல் மண்ணை வாரித் தூற்றியவள். இப்போது அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். சாவே தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. ஜெக்கரியா கதவைத் திறந்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"ஈசிஜி சுத்தமா இருந்தப்பவே தெரிஞ்சுபோச்சு சார், நோயாளி மாதிரி சோதனைக்கு வந்திருக்கிற கண்காணிப்புக் குழு ஆபீசர் நீங்கதான்னு, ஆனா ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்து முறைக்க வச்சீங்க பாருங்க, அதுதான் சார் அசல் நடிப்பு."