வால்வுக்காரருக்கு மாலை

“அஞ்சு மணிக்கு வால்வு தொறக்கணுங்க. மேடையெல்லாம் நமக்கு எதுக்குங்க?” என்று சாமிக்கண்ணு மூன்றாம் முறையாகக் கும்பிட்டார்.

கலியமூர்த்திக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. நெய்வேலி வந்து இரண்டு வருஷமாக டவுன்ஷிப் ஆபீஸில் தற்காலிக கிளார்க். பர்மனென்ட் ஆர்டரைக் கண்ணால் பார்த்தால்தான் தாம்பூலம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். “விழா ஒழுங்கா நடந்தா உன் ஃபைல்ல கையெழுத்து” என்று அதிகாரி சோமசுந்தரமும் சொல்லியிருந்தார்.

விழா நாயகர் சாமிக்கண்ணு. ஐந்து வருஷமாக ஒரு நாள்கூட லீவு போடாமல், ஒரு புகார்கூட வராமல் தன் பிளாக்குக்குத் தண்ணீர் விட்டவர். அப்படிப்பட்ட மனிதர் மாலையைக் கண்டு ஓடுகிறார்!

“ஃபிட்டர் சிங்காரவேலை அனுப்பறேன். அவர் தொறப்பார். நீங்க மேடை ஏறுங்க.”

சாமிக்கண்ணு பலியாடு போல ஏறினார்.

கலியமூர்த்தி இன்னொரு காரியமும் செய்திருந்தான். மத்தியானமே ஜீப்பில் போய் அவர் மனைவி வீரம்மாளை அழைத்து வந்து, முதல் வரிசையில் அதிகாரிகளின் மனைவிமாரோடு உட்கார வைத்திருந்தான். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

அஞ்சு மணிக்கு வீரம்மாள் எழுந்தாள்.

“எங்கம்மா போறீங்க?”

“தண்ணி வர்ற நேரங்க. ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்.”

“ஒரு நாளைக்கு நீங்க குடம் தூக்க வேணாம். நானே ரெண்டு குடம் வூட்டுக்கு அனுப்பறேன். உட்காருங்க!”

அவள் மேடையைப் பார்த்தாள். சாமிக்கண்ணு தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்தாள்.

“இன்னும் பத்து பிளாக் வரப்போகிறது. ஜனம் பெருகும். தண்ணீர்தான் நம் முன்னால் நிற்கும் பெரிய சவால்!” என்று சோமசுந்தரம் மைக்கில் முழங்கியபோது, சிங்காரவேல் வேர்க்க விறுவிறுக்க வந்து கலியமூர்த்தியின் காதைக் கடித்தார்.

“ஆறு வால்வு சக்கரம் இருக்குதுய்யா. ஒண்ணுலயும் நம்பர் எழுதல. தெனம் தொறக்கிற ஆளுக்குத்தான் எது எந்தத் தெருன்னு தெரியும். நான் ஒண்ணத் திருவினேன், ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணி நின்னுபோச்சு.”

கலியமூர்த்தி மேடைக்கு ஓடினான். மாலை விழுந்த கையோடு சாமிக்கண்ணுவைக் கீழே இறக்கி, ஜீப்பில் ஏற்றினான்.

“நான் போயி...” என்று சாமிக்கண்ணு இழுத்தார்.

“நீங்க போனாத்தாங்க முடியும்!”

வீரம்மாள் மறுபடி எழுந்தாள். “நானும் அவருகூடப் போறேங்க.”

“அவர் வேலையை அவர் பார்த்துக்குவார். நீங்க விருந்தாளிம்மா, குந்துங்க!” என்றான் கலியமூர்த்தி, கிட்டத்தட்ட அதட்டலாக.

விழா நாயகர் இல்லாத மேடையில் சவால்கள் தொடர்ந்தன. கால் மணி நேரம் கழித்துப் பந்தலுக்குப் பின்னால் தோட்டத்துக் குழாய் சீறிக்கொண்டு கிளம்பியது. தண்ணீர் ஜமக்காளத்தின் அடியில் புகுந்து, அதிகாரிகளின் செருப்புகளை வரிசையாக மிதக்கவிட்டது.

“என்னய்யா இது?” என்று சோமசுந்தரம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கத்தினார். கலியமூர்த்தியின் கண்ணெதிரே ஆர்டர், தாம்பூலம், பெண் எல்லாம் செருப்புகளோடு மிதந்து போயின.

அந்த நேரம் பார்த்து, சாமிக்கண்ணுவின் பிளாக்கிலிருந்து ருக்குமணி என்ற பெண் காலிக் குடத்தோடு பந்தலுக்குள் நுழைந்தாள்.

“எங்க தெருவுல ஒரு சொட்டு இல்ல! அங்க ஒரு மனுசன் மாலையும் கழுத்துமா ஒவ்வொரு சக்கரமா தடவிகினு நிக்கிறாரு!”

“ஐந்து வருஷமாகத் திறக்கிறவருக்கா தெரியவில்லை?” என்றார் சோமசுந்தரம்.

ருக்குமணி முதல் வரிசையைப் பார்த்தாள். குடத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

“நல்லாருக்குது சார் ஒங்க நாயம்! அஞ்சு வருசமா தெனம் தொறக்கிற வீரம்மாவ இங்க எழுந்திரிக்க வுடாம குந்த வெச்சிகினு, தெனம் மந்தாரக்குப்பத்துல சீட்டாடிகினு இருந்த மனுசன அனுப்பினா தண்ணி எப்பிடி சார் வரும்?”